பட்டாளத்து மெடலிலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வடாற்காடு, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களில் பிரிட்டிஷ் காலத்துப் போர்ப் பதக்கம் இருக்கும் வீடுகள் நிறைய. "கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் இருந்தார், பஸ்ரா போய்வந்தார்" என்பதோடு கதை நின்றுவிடும். எந்தப் படை, எந்த வருடம், என்ன வேலை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது மெட்ராஸ் படைகளில் இருந்த சாதாரணச் சிப்பாய்களுக்கான வழி. வெள்ளைக்கார அதிகாரிகளைத் தேடுவது வேறு வேலை. அவர்களுடைய காகிதங்கள் லண்டனில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நம் ஆளுடைய பணிப் பதிவேடு கப்பலேறவே இல்லை. அதனால் ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் பாதியில் முட்டுச்சந்தில் நிற்பீர்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரை வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். எண்ணும் படைப்பிரிவும்தான் வழி காட்டும். பெயர் கடைசியில் சரிபார்ப்பதற்கு.

முதல் வேலை: தேய்க்காமல் இருப்பது

கறுத்துப்போன வெள்ளியைப் பார்த்ததும் விபூதி போட்டுத் தேய்க்கக் கை போகும். வெண்கலமாக இருந்தால் புளி. வேண்டாம். நமக்கு வேண்டியது முகப்பில் இருக்கும் ராஜா தலை இல்லை, விளிம்பில் பொறித்த எழுத்து. ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் மழுங்கும். பல பதக்கங்களில் எண்ணின் கடைசி இலக்கம் இப்படித்தான் போயிருக்கிறது.

இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிலும் செல்போனில் படமெடுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நட்சத்திர வடிவப் பதக்கமாக இருந்தால் விவரம் பின்பக்கத்தில் இருக்கும். ரிப்பன் கிழிந்திருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள், அதன் நிறமும் ஒரு சாட்சி.

இது எந்தப் பதக்கம்?

வீடுகளில் அதிகம் கிடைப்பது முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வட்டமான வெள்ளி, 36 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு பக்கம் கிரீடமில்லாத ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு வீரன், கீழே 1914, 1918 என்ற ஆண்டுகள். ரிப்பனின் நடுவே ஆரஞ்சு, ஓரங்களில் வெள்ளை, கறுப்பு, நீலம். அதோடு சேர்ந்து வருவது வெற்றிப் பதக்கம்: வெண்கலம், இறக்கை விரித்த பெண் உருவம், வானவில் ரிப்பன். மூன்றாவதாக ஒரு வெண்கல நட்சத்திரமும் இருக்கலாம்.

இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே ஒரு தகவல். நட்சத்திரம் இருந்தால் அவர் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போய்விட்டார். வட்டப் பதக்கங்கள் இரண்டு மட்டும் என்றால் 1916-லோ அதற்குப் பிறகோ போயிருக்கிறார். வெள்ளி மட்டும் இருந்து வெற்றிப் பதக்கம் இல்லையென்றால், போர்முனையாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் அவர் போகாமலே இருந்திருக்கலாம். தலைகீழாக, வெற்றிப் பதக்கம் மட்டும் இருந்து வெள்ளியைக் காணவில்லை என்றால் குழம்ப வேண்டாம். அதில் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி இருந்தது. ஏதோ ஒரு கஷ்ட காலத்தில் அது பத்தருக்குப் போயிருக்கும்.

அதே போர்ப் பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படை, சுமைதூக்கும் படை போன்றவற்றில் போனவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அதே கடலைத் தாண்டி, அதே காய்ச்சலில் படுத்தவர்கள்தான். அரசுக் கணக்கில் மட்டும் உலோகம் மாறியது. வெண்கலத்தை உருக்கிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதால் அது தப்பித்திருக்கும்.

விளிம்புக்குப் போகும் முன் கிளாஸ்ப் என்ற சின்ன உலோகப் பட்டை ரிப்பனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. போர் நடந்த இடமும், பெரும்பாலும் ஆண்டும் அதிலேயே எழுதியிருக்கும். விக்டோரியா ராணி தலையோடு 'பர்மா 1885–7' என்று இருந்தால், பர்மா மன்னர் தீபோவை அரியணையிலிருந்து இறக்கிய போரிலும் அதைத் தொடர்ந்த சண்டைகளிலும் இருந்தவர். மெட்ராஸ் படைகளிலிருந்து ஏராளமான பேர் அங்கே போனார்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 'மலபார் 1921–22' என்று இருந்தால் அது மாப்பிளா கிளர்ச்சியை அடக்கப் போன படை. 'ஈராக்' என்றால் 1919–20. வசீரிஸ்தான் என்றால் வடமேற்கு எல்லை.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்கள் ஆறு முனை கொண்டவை, பெயர் முகப்பிலேயே இருக்கும்: பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று. இவற்றோடு இந்திய வரைபடம் போட்ட இந்தியா சர்வீஸ் மெடலும் கிடைக்கும். இங்கே நமக்கு ஒரு நல்ல காலம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தப் போருக்கான பதக்கங்களில் பெயர் பொறிக்காமல் கொடுத்துவிட்டது. இந்தியாவில் பொறித்துக் கொடுத்தார்கள். அதனால் பின்பக்கத்தையும் விளிம்பையும் அவசியம் பாருங்கள். இதே வரிசையில் 1947-ம் ஆண்டின் இந்திய சுதந்திரப் பதக்கமும் கோத்திருந்தால் மிகவும் நல்லது. 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் பணியில் இருந்தார் என்று அர்த்தம், அவருடைய பதிவு இன்றைய ராணுவ அலுவலகம் ஒன்றுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

1911 டெல்லி தர்பார் பதக்கத்திலும் 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்திலும் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. கூடவே வேறு காகிதம் இல்லாவிட்டால் அவற்றிலிருந்து ஒரு தனி ஆளுக்குப் போய்ச் சேர முடியாது.

விளிம்பைப் படிப்பது

பொதுவாக நான்கு விஷயங்கள் இருக்கும்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு படைப்பிரிவும் தன் ஆட்களுக்குத் தானே எண் போட்டது. 1432 என்ற எண் பத்துப் படைகளில் பத்துப் பேருக்கு இருக்கும். படைப்பிரிவோடு சேர்த்தால்தான் அது ஒரே ஆளைக் காட்டும்.

பதவியைச் சுருக்கித்தான் பொறித்திருப்பார்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் எல்லாம் ஊகித்துவிடலாம். சாப்பர் என்றால் பாலமும் பதுங்குகுழியும் போடும் பொறியியல் படை. டிரைவர் என்று இருந்தால் மோட்டார் ஓட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப் போரில் பெரும்பாலும் அது கோவேறு கழுதையையோ வண்டியையோ ஓட்டியவர். சமையல்காரர், பிஸ்தி என்ற தண்ணீர்க்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரும் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் "சண்டை போட்டார்" என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். விளிம்பு வேறு சொன்னால் விளிம்பைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது பெயர். தமிழ்ச் சிப்பாய்க்குப் பொறித்தது ஒற்றைப் பெயர். அப்பா பெயர் இல்லை, இனிஷியல் இல்லை, ஊர் இல்லை. முனிசாமி என்று மட்டும் இருக்கும். ஒரே படையில் எத்தனை முனிசாமி! அந்த முனிசாமியையும் இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி மூனிசாவ்மி, முனிஸ்வாமி, முனிசமி என்று ஆவணத்துக்கு ஆவணம் மாற்றி எழுதியிருப்பார். பெருமாள் பெர்மாலாவார், சின்னத்தம்பி சின்னடம்பியாவார். இணையத் தேடலில் முழுப் பெயரையும் தட்டி ஒன்றும் வராமல் போவது இதனால்தான். முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, படைப்பிரிவை வைத்து வடிகட்டி, எண்ணைப் பாருங்கள்.

பொறித்த எழுத்துக்குக் கீழே விளிம்பு மெலிந்தோ குழிந்தோ இருந்தால் பழைய பெயரை அரைத்து எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சந்தையில் வாங்கிய பதக்கத்தில் இதை முதலில் பாருங்கள்.

படைப்பிரிவின் பெயர்: இங்கேதான் நேரம் செலவழியும்

ஒரே படை முப்பது வருடத்தில் மூன்று பெயரில் இருந்திருக்கும். இந்தக் கணக்கு தெரியாமல் தேடினால் கண்ணெதிரே இருக்கும் ஆவணமும் தென்படாது.

1895 வரை மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனிப் படை இருந்தது. 1903-ல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லா மாகாணப் படைகளையும் ஒரே வரிசையில் எண்ணிட்டார். மெட்ராஸ் காலாட்படைகளுக்கு எளிய விதி: பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டுங்கள். 3-வது மெட்ராஸ் படை 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 13, 15, 19, 20 ஆகியவை 73, 75, 79, 80-வது கர்நாடிக் இன்ஃபன்ட்ரி. 23-வது வாலாஜாபாத் படை 83 ஆனது. பயனியர் என்ற சாலை போடும் படைகளும் அப்படியே: 1-வது 61 ஆனது, 4-வது 64, 21-வது 81. சில மெட்ராஸ் படைகளில் ஆட்களை எடுத்துவிட்டுப் பஞ்சாபிகளை நிரப்பினார்கள். 62-வது பஞ்சாபி, 66-வது பஞ்சாபி எல்லாம் ஒரு காலத்தில் மெட்ராஸ் படைகள்தான். கர்நாடிக் என்ற பெயரைப் பார்த்துக் கன்னடப் படை என்று நினைக்க வேண்டாம், அது ஆற்காடு நவாபின் பழைய கர்நாடகம்.

1922-ல் மறுபடி கலைப்பு, இணைப்பு. மிஞ்சிய கர்நாடிக் படைகளைச் சேர்த்து 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆக்கினார்கள். செலவைக் குறைக்கிறோம், தெற்கத்தியர்கள் 'போர்க்குடி' இல்லை என்றெல்லாம் சொல்லி அதன் நிரந்தரப் பட்டாலியன்களையும் 1928-க்குள் கலைத்துவிட்டார்கள். பயனியர்கள் 1933-ல் போனார்கள். பிறகு ஜப்பான் பயம் வந்ததும் 1941-ல் அதே ரெஜிமென்ட்டை மீண்டும் எழுப்பினார்கள்! இதில் உங்களுக்கு முக்கியமானது ஒன்றுதான்: கர்நாடிக் படையில் 1914–18-ல் இருந்தவருடைய காகிதங்களை விடாமல் வைத்துக் காக்க ஒரு தாய்ப்படை இல்லாமல் போயிற்று.

சாப்பர்களின் நிலை வேறு. 1780-ல் தொடங்கிய அந்தப் படை ஒருநாளும் கலைக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் அதன் பெயர் 2-வது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். விளிம்பில் 2 என்ற எண்ணோடு க்யூ, வி, ஓ, எஸ், எம் என்ற எழுத்துகள் வந்தால் அதுதான். இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் அதன் நேர் வாரிசு. உங்கள் ஆள் சாப்பர் என்றால் மற்றவர்களைவிட உங்களுக்கு வழி திறந்திருக்கிறது.

லண்டனுக்கு எழுதும் முன் ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள்

டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் ஒன்று கிடைத்தால் தேடல் அன்றோடு ஏறக்குறைய முடிந்தது. சேர்ந்த தேதி, அப்பா பெயர், ஊர், தாலுகா, உடல் அடையாளம், போன இடங்கள், வாங்கிய பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். பென்ஷன் ஆர்டர், பென்ஷன் பாஸ்புக், படைவீரருக்கு ஒதுக்கிய நிலத்தின் பழைய பட்டா, சீருடைப் படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை, எதையும் விடாதீர்கள். தோள்பட்டையில் இருந்த பித்தளை எழுத்துகூடப் படையைச் சொல்லிவிடும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "எந்தப் போர்?" என்று கேட்டால் பதில் வராது. "எந்த ஊருக்குக் கப்பலேறினார்? பென்ஷன் எங்கே போய் வாங்கினார்? ஆயா பென்ஷன் வாங்கினாங்களா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். இரண்டாம் உலகப் போரில் இருந்து பென்ஷன் இல்லாமல் திரும்பியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர நிதியுதவி கொடுக்கிறது. அதை வாங்கியிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கோப்பு திறந்திருப்பார்கள். ராணுவ எண்ணும் பணிக்காலமும் இல்லாமல் அந்தக் கோப்பு திறந்திருக்காது.

ஊரிலும் பாருங்கள். முதல் போருக்குப் பின், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் பொறித்த கல்வெட்டுகளை ஊர் ஊராக வைத்தார்கள். வேலூர் மணிக்கூண்டில் 277 பேர் போய் 14 பேர் இறந்ததாக இருக்கிறது. பெயர் இல்லாததால் ஆளை அது காட்டாது. ஆனால் கூடப் போன குடும்பங்கள் இன்னும் அதே ஊரில் இருக்கும், அவர்கள் வீட்டுப் பெட்டியில் உங்கள் ஆள் நிற்கும் குழுப்படம் இருக்கலாம்.

யாருக்கு எழுதுவது?

இரண்டாம் உலகப் போர் என்றால் படைப்பிரிவின் இன்றைய ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். சாப்பருக்குப் பெங்களூர். பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு, சிக்னல் என்ற தகவல்தொடர்புப் படைக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ.

கடிதத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, ஊர், தாலுகா, அன்றைய மாவட்டம் ஆகியவற்றை எழுதி, பதக்கப் படமும் வாரிசுச் சான்றிதழ் நகலும் இணையுங்கள். அன்றைய மாவட்டம் என்று அழுத்திச் சொல்கிறேன். தர்மபுரிக்காரர் 1965-க்கு முன் சேலம் மாவட்டத்துக்காரர். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வடாற்காட்டில் இருந்தன.

இங்கே ஒரு நுணுக்கம். ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கும் பதிவேட்டை ஷீட் ரோல் என்பார்கள். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஷீட் ரோலை 25 வருடம் கழித்து அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1946-ல் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். "ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். லாங் ரோல் என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. ஆளுக்கு ஒரு வரிதான்; சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் இவ்வளவுதான் இருக்கும். அது அழியாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். "ஷீட் ரோல் இல்லாவிட்டால் லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்" என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பதிலே வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அதையே கேட்கலாம்.

19-ம் நூற்றாண்டுப் பதக்கம் என்றால், விநோதமாக, வழி கொஞ்சம் சுலபம். பதக்கம் வாங்கியவர்களின் பட்டியல்கள் பல லண்டனில் இருக்கின்றன: பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும், கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 100 என்ற வரிசையிலும். 1895 வரையிலான மெட்ராஸ் ராணுவத் துறை ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே தனிச் சிப்பாயைவிடப் படையின் நடமாட்டம்தான் கிடைக்கும்.

முதல் உலகப் போர்தான் நடுவில் மாட்டிக்கொண்ட காலம். லாகூர் அருங்காட்சியகத்தில் கண்டெடுத்து 2021-ல் இணையத்தில் வந்த பதிவேடுகளில் மூன்று லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அங்கே போகாதீர்கள், அது முழுக்கப் பஞ்சாப். நமக்கு அப்படி ஒரு பதிவேடு இதுவரை வெளிவரவில்லை.

அதனால் இந்தப் போருக்கு நான் சொல்லும் வழி படையின் போர் நாட்குறிப்பு. ஒவ்வொரு பிரிவும் களத்தில் தினமும் எழுதியது. கியூவில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசை. அதில் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடிப் பாருங்கள். 63-வது பாளையங்கோட்டைப் படை என்றால் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறங்கி, அடி வாங்கித் திரும்பிய சண்டையில் இருந்தது. 61-வது பயனியர்களும் அங்கே இருந்தார்கள். சிப்பாயின் பெயர் நாட்குறிப்பில் வருவது அபூர்வம். அன்று தண்ணீர் கிடைத்ததா, எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள், எத்தனை மைல் நடந்தார்கள் என்பது வரும். ஆனால் அவர் அந்தத் தேதியில் அந்தப் படையோடு இருந்தாரா என்பதற்கு வேறு சான்று வேண்டும். பதக்கம் மட்டும் அதைச் சொல்லாது. குடும்ப வரலாறு எழுதும்போது "அவருடைய படை டாங்காவில் இருந்தது" என்று எழுதுங்கள், "அவர் டாங்காவில் சண்டையிட்டார்" என்று எழுதிவிடாதீர்கள்.

வீரச்செயலுக்கான விருது என்றால் அரசிதழில் பெயரோடு வந்திருக்கும். இத்தாலியில் 1944 பிப்ரவரி 24 அன்று கண்ணிவெடிமேல் விழுந்து தன் ஆட்களைக் காப்பாற்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியனின் ஜார்ஜ் கிராஸ் அப்படித்தான் லண்டன் கெஜட்டில் பதிவானது. இந்தத் தேடல் இலவசம்.

கடையில் வாங்கிய பதக்கம்

மூர் மார்க்கெட்டிலோ இணைய ஏலத்திலோ வாங்கியதற்கும் இதே வழிதான், வீட்டுப் பெட்டி மட்டும் இருக்காது. ஊர் தெரிந்து குடும்பத்தைத் தேடிப் போவதாக இருந்தால் முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலமாகப் பேசுங்கள். பதக்கம் விற்கப்பட்ட கதை அந்த வீட்டுக்குச் சங்கடமானதாக இருக்கலாம். வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால், 100 வருடம் தாண்டிய பழம்பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

திரும்பி வராதவர் என்றால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம்தான் முதல் இடம், இலவசம். படைப்பிரிவையும் எண்ணையும் கொடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வடாற்காடு என்று ஒரு வரி கிடைக்கும். ஒற்றைப் பெயர்ச் சிக்கல் அந்த வரியில்தான் தீரும். மாவட்டப் பெயர்கள் சிங்கில்புட் (செங்கல்பட்டு), டின்னவெலி (திருநெல்வேலி), ட்ரிச்சினாப்பொலி (திருச்சி) என்று இருக்கும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்திருந்தால் பெரும்பாலும் பஸ்ரா நினைவகம். அங்கே சுவரில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள். பெயர் பதிவேட்டில் இருக்கலாம், அதனால் சுவரின் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கேயே இறந்து ஏதோ ஒரு கண்டோன்மென்ட் மயானத்தில் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையின் 1914–1918 நினைவுச் சுவரில் இருக்கின்றன. அதை நேரில் போய்ப் பார்க்கலாம்.

எங்குமே இல்லையென்றாலும் அது முடிவான பதில் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபடோமியாவிலும் இறந்த ஆயிரக்கணக்கான இந்தியர்கள், ஆப்பிரிக்கர்களின் பெயர்களைப் பதியாமலே விட்டதை அந்த ஆணையம் 2021-ல் தானே ஒப்புக்கொண்டது. விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியிலிருந்தபோது இறந்திருக்க வேண்டும். குண்டடி பட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை, முகாமில் காலராவில் போனவரும் கணக்கில் வருவார்.